கைப்பேசி ஒன்றும் அளவு நாடா ஒன்றும்: நீளம் தாண்டுதலை அலசித் திருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, முன்பு பால்மரமும் (ரப்பர்) இப்போது செம்பனையும் நிற்கும் தோட்டத்தின் பழைய திடலில்தான் எங்கள் பயிற்சி. ஓடுபாதை வெறும் புல், கோடு சுண்ணாம்பு. மணல் குழிக்குப் பெற்றோர்களே காசு சேர்த்து ஒரு லாரி ஆற்று மணல் இறக்கினார்கள். இங்கே நின்றுகொண்டு பயோமெக்கானிக்ஸ் பேச முடியுமா என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முடியும். உயிர் இயக்கவியல் என்று தமிழில் சொல்லும் இந்தத் துறை, உடல் அசையும்போது எந்த விசை எங்கே, எப்போது, எந்தத் திசையில் வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான். ஆய்வுக்கூடத்தில் அதைத் துல்லியமாக அளப்பார்கள். திடலில் கொஞ்சம் தோராயமாக அளக்கலாம். ஒரு பள்ளி மாணவரின் தாண்டலைத் திருத்த அந்தத் தோராயம் போதும்.

நான் பல வருடங்கள் மணல் குழி ஓரத்தில் நின்று "உயரமாத் தாண்டு! கால நீட்டு!" என்று கத்தியவன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள், மறுபடி அதே தூரம்தான் விழுவார்கள். சென்ற வருடம் இரண்டாம் படிவ (பதினான்கு வயதையொட்டிய) மாணவி ஒருத்தி நான்கு மாதமாக 4.20 மீட்டரிலேயே நின்றாள். காற்றில் முன்பக்கமாகக் கவிழ்ந்து, மணலில் முகம் படாத குறையாக இறங்குவாள். இறங்கும் விதத்தைத்தான் நாங்கள் திருத்திக்கொண்டே இருந்தோம். கைப்பேசியில் மெதுவாக ஓட்டிப் பார்த்த அன்றுதான் தெரிந்தது: கோளாறு மணலில் இல்லை, தாண்டுவதற்குக் கடைசியாக மிதிக்கும் பலகையிலும் இல்லை. பலகைக்கு எட்டு மீட்டர் முன்னால் இருந்தது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பழக்கத்தைத்தான் கற்றுத்தர முயல்கிறது: குறை கண்ணில் படும் இடத்திலிருந்து பின்னோக்கி நடந்து, அது பிறந்த இடத்தைக் கண்டுபிடிப்பது.

படி 1: என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

கேள்வி இல்லாமல் எடுத்த வீடியோ கைப்பேசியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். "இவள் ஏன் 4.20-ஐத் தாண்டவில்லை?" என்பது பெரிய கேள்வி. அதை உடைக்க வேண்டும். தாண்டலில் ஐந்து கட்டங்கள் உண்டு: ஓட்டம், கடைசி இரண்டு காலடி, பலகையில் மிதிப்பு, காற்றில் பறப்பு, மணலில் இறக்கம். ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்தைய கட்டம் கொடுத்ததை வைத்துத்தான் வேலை செய்கிறது. ஒரு நாளைக்கு ஒரு கட்டம் மட்டும் பாருங்கள்.

படி 2: படம் எடுப்பது

இதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கைப்பேசி ஓடுபாதைக்கு நேர் பக்கவாட்டில், அதன் பார்வை பாதையை 90 பாகையில் வெட்டும்படி, சுமார் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கிட்டே போனால் ஓரங்களில் கோணம் திரிந்துவிடும். சாய்வாக நின்று எடுத்த படத்தில் முழங்கால் கோணத்தை அளந்தால் வருவது பொய்க் கணக்கு. உயரம் மாணவரின் இடுப்பு மட்டத்தில் இருக்கட்டும். முக்காலி இல்லையா? பிளாஸ்டிக் நாற்காலி மேல் இரண்டு செங்கல் வைத்து, நடுவில் கைப்பேசியைச் செருகுங்கள். நாங்கள் பல மாதங்கள் அப்படித்தான் எடுத்தோம். ஓடுகிறவரோடு கைப்பேசியைத் திருப்பாதீர்கள், ஜூமும் வேண்டாம். அது அசையாமல் இருந்தால்தான் அளக்க முடியும்.

ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 0.004 விநாடி. பலகையில் கால் நிற்கும் நேரமே 0.12 விநாடியை ஒட்டித்தான் இருக்கும். சாதாரண 30 ஃபிரேம் வீடியோவில் அந்த மிதிப்பு மூன்று நான்கு படங்களில் முடிந்துபோகும், ஒன்றும் தெரியாது. சில கைப்பேசிகள் 240 என்று காட்டிவிட்டு ஃபிரேம்களை நகலெடுத்து நிரப்பும். சோதிக்க எளிய வழி உண்டு. இன்னொரு கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு அதைப் படமெடுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, ஒரு விநாடிக்கு எத்தனை என்று எண்ணுங்கள். ஓடுகிறவரின் வீடியோவிலும் அடுத்தடுத்த ஃபிரேம்கள் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தால் அந்தக் கைப்பேசியை நம்பி மிதிப்பு நேரத்தை அளக்க வேண்டாம்.

இவ்வளவு ஃபிரேம் எடுக்க நல்ல வெளிச்சம் வேண்டும். காலை ஏழரைக்கு எங்கள் திடலில் செம்பனை நிழல் இன்னும் விலகியிருக்காது, படம் மங்கிக் கலங்கும். எட்டரைக்கு மேல் எடுக்கிறோம். மாலையில் திட்டமிட்டால் மழை நம்மைவிட முன்னால் வந்துவிடுகிறது. கறுப்புச் சட்டை மரங்களோடு கலந்துவிடும், வெளிர் நிறச் சட்டை போடச் சொல்லுங்கள். தோள், இடுப்பெலும்பின் பக்கம், முழங்கால், கணுக்கால் ஆகிய நான்கு இடங்களிலும் கேமராவைப் பார்க்கும் பக்கத்தில் பளிச்சென்ற டேப் துண்டுகளை ஒட்டுங்கள். பிறகு கோணம் அளக்க இவைதான் புள்ளிகள்.

ஓடுபாதையின் நடுவில், ஓடுகிறவரின் தடத்திலேயே, ஒரு மீட்டர் கம்பைப் படுக்க வைத்து ஒரு முறை படமெடுத்துவிட்டு அகற்றுங்கள். அதுதான் அளவுகோல். அதைக் கேமராவுக்கு அருகே வைத்தால் கம்பு பெரிதாகத் தெரியும், எல்லா அளவும் சிறுத்துவிடும்.

மாணவர்களைப் படமெடுக்கும் முன் பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள். எடுத்ததை எங்கும் பகிராதீர்கள். இதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை.

படி 3: ஓட்ட வேகத்தை அளப்பது

பலகையிலிருந்து 11, 6, 1 மீட்டர் தூரங்களில் மூன்று குறிகள் வேண்டும். பெரிய போட்டிகளில் அளக்கும்போதும் இதே இடைவெளிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். கம்புகளைப் பாதையின் ஓரத்தில் அளந்து நட்டால் போதாது, கேமராவின் பார்வையில் அவை தள்ளித் தெரியும். ஒரு பிள்ளையைப் பாதையின் நடுவில் சரியாக 11 மீட்டர் கோட்டில் நிற்க வையுங்கள். கைப்பேசித் திரையைப் பார்த்தபடியே, கம்பு அவர் உடலின் நடுவில் தெரியும் இடத்தில் அதை நடச் சொல்லுங்கள். மற்ற இரண்டு குறிகளுக்கும் அப்படியே.

இனி வேலை எண்ணுவதுதான். மார்பு முதல் கம்பைக் கடந்த ஃபிரேமிலிருந்து அடுத்த கம்பைக் கடந்த ஃபிரேம் வரை எண்ணி 240-ஆல் வகுத்தால் நேரம். ஐந்து மீட்டரை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம். நம் மாணவிக்கு முதல் இடைவெளியில் 168 ஃபிரேம், அதாவது 0.70 விநாடி, விநாடிக்கு 7.14 மீட்டர். இரண்டாவதில் 173 ஃபிரேம், விநாடிக்கு 6.94 மீட்டர். பலகையை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது! வெறும் கண்ணுக்கு அவள் முழு வேகத்தில் பாய்வதாகத்தான் தெரிந்தது.

வேகம் என்பது காலடி நீளத்தை விநாடிக்கு எத்தனை காலடி என்பதால் பெருக்கி வருவது. 2009-இல் பெர்லினில் 9.58 விநாடியில் 100 மீட்டர் ஓடிய உசேன் போல்ட் எடுத்து வைத்தது 41 காலடி, சராசரி ஏறத்தாழ 2.44 மீட்டர். அந்த நீளம் உயரமான உடலும் பலமான உந்தலும் தந்தது. நம் பிள்ளைகள் காலை முன்னால் வீசி நீளத்தைக் கூட்டப் பார்த்தால் பாதம் இடுப்புக்கு மிக முன்னால் விழும். ஒவ்வொரு அடியும் பிரேக்தான்.

படி 4: காலடித் தடங்களை வாசிப்பது

வேகம் ஏன் குறைந்தது என்று அறியத் தரையைப் பார்க்க வேண்டும். இரண்டு பிள்ளைகளை ஐஸ்கிரீம் குச்சிகளோடு பாதையின் இருபுறமும் உட்கார வையுங்கள். கடைசி ஆறு காலடிகளில் பாதநுனி பட்ட இடங்களில் குச்சி செருகி, பலகையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். புல்லில் தடம் தெரியாவிட்டால் கொஞ்சம் மணலைத் தூவிப் பரப்பிவிடுங்கள். ஆறு முறை ஓடினால் ஆறு வரிசை எண்கள் கிடைக்கும்.

ஓடுகிறவர் என்னதான் பழகினாலும் ஒவ்வொரு காலடியிலும் சிறு பிசகு சேர்ந்துகொண்டே வரும். கடைசி நான்கைந்து காலடிகளில் கண் பலகையைப் பார்த்து அதைச் சரிக்கட்டும். இது இயல்பு. சேர்ந்த பிசகு பெரிதாக இருந்தால் சரிக்கட்டலும் பெரிதாகிவிடும் என்பதுதான் சிக்கல். நம் மாணவியின் கடைசியிலிருந்து நான்காவது காலடி ஆறு ஓட்டங்களில் 48 சென்டிமீட்டர் முன்னும் பின்னுமாக விழுந்திருந்தது. பலகை எட்டாதோ என்ற பயத்தில் கடைசிக் காலடியை நீட்டி மிதித்திருக்கிறாள். வேகம் போனதும் அங்கேதான், கவிழ்ந்ததும் அதனால்தான்.

தொடக்கத்தில் மூன்று நான்கு அடி நடந்து, பிறகு ஓடத் தொடங்குவது அவள் பழக்கம். அந்த நடை ஒரு நாள் போல இன்னொரு நாள் இருப்பதில்லை. நின்ற நிலையிலிருந்து, எப்போதும் அதே காலை முன்வைத்துத் தொடங்கும்படி மாற்றினோம். 17 காலடி ஓட்டத்தை 13 ஆக்கினோம். காலடி எண்ணிக்கை ஏறத்தாழ வயதளவு இருக்கட்டும் என்பது பயிற்றுநர்கள் பலர் கையாளும் கணக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. தொடக்கக் குறியை மாற்றும்போது, மணலைப் பார்க்காமல் பாதையில் எங்கோ ஓரிடத்தில் ஓடிவந்து மிதிக்கச் சொல்லுங்கள். பலகை இல்லாதபோதுதான் இயல்பான காலடி நீளம் வெளியே வரும்.

படி 5: கடைசி இரண்டு காலடியும் மிதிப்பும்

நீளம் தாண்டுதலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கடைசிக்கு முந்தைய காலடி சற்று நீளம், கடைசிக் காலடி அதைவிடக் குட்டை. முந்தையதில் இடுப்பு லேசாகத் தாழும். கடைசியில் பாதம் சீக்கிரமாகத் தரையைத் தொடும்போது, தாழ்ந்த இடுப்பு மேலெழத் தொடங்கியிருக்கும். வீடியோவில் இடுப்பு டேப்பை மட்டும் பின்தொடருங்கள். அது ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோல் தெரிய வேண்டும். நேர்கோடாகப் போனால் உயரம் கிடைக்காது. ஆழமாக இறங்கினால் வேகம் போகும்.

மிதிக்கும் காலைப் பாருங்கள். தரையைத் தொடும் ஃபிரேமில் பாதம் இடுப்புக்கு முன்னால் இருக்க வேண்டும், முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டும். தோட்டத்தில் கம்பு ஊன்றிக் கால்வாய் தாண்டியவர்களுக்கு இது உடனே புரியும். கம்பின் அடி நமக்கு முன்னால் ஊன்றப்படும். நம் வேகம் நம்மை அதன் மேல் ஏற்றிவிடும். தாண்டுகிறவரின் கால்தான் அந்தக் கம்பு. கம்பு வளைந்தால் ஏற்றம் இல்லை, அதனால்தான் மிதித்தவுடன் முழங்கால் பொதுக்கென்று மடங்கக் கூடாது. கம்பை மிகத் தூரத்தில் ஊன்றினால் ஏற முடியாமல் நின்றுவிடுவோம். குதிகாலை நீட்டி மிதிப்பவருக்கு நடப்பதும் அதுதான்.

மிதிப்பு நேரத்தையும் எண்ணுங்கள். உலகத் தரத்தில் 0.11 முதல் 0.13 விநாடி, 240 ஃபிரேமில் சுமார் 26 முதல் 31. பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடும். ஒரே மாணவரிடம் வாரத்துக்கு வாரம் இது எப்படி மாறுகிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

கணினி இருந்தால் கினோவியா, டிராக்கர் என்ற இரண்டு மென்பொருள்கள் இலவசம், கோணமும் தூரமும் திரையிலேயே அளக்கலாம். இல்லாவிட்டால் கைப்பேசித் திரையில் ஒரு கண்ணாடித் தாளை வைத்து, டேப் புள்ளிகளைப் பேனாவால் இணைத்து, பள்ளிப் பாகைமானியால் அளந்துகொள்ளுங்கள்.

படி 6: உயரமா, வேகமா?

எறிந்த பொருள் 45 பாகையில் அதிக தூரம் போகும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்போம். நீளம் தாண்டுபவர்கள் 20 பாகையை ஒட்டித்தான் எழுகிறார்கள். ஏனென்றால் அந்த 0.12 விநாடிக்குள் ஒரு காலால் உருவாக்கக்கூடிய மேல்நோக்கிய வேகத்துக்கு எல்லை இருக்கிறது. 45 பாகை வேண்டுமென்றால் முன்னோக்கிய வேகத்தைப் பாதிக்கு மேல் தொலைக்க வேண்டும்.

மேல்நோக்கிய வேகத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. பலகையை விட்ட ஃபிரேமில் இடுப்பு டேப் எவ்வளவு உயரத்தில், பறப்பின் உச்சியில் எவ்வளவு உயரத்தில் என்று அளந்து, வித்தியாசத்தை மீட்டரில் எழுதி 19.6-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 29 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர். இடுப்பும் உடலின் எடை மையமும் (எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) ஒன்றல்ல, கை கால் தூக்கினால் மையம் நகரும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

ஒரு கணக்கு போடுவோம். பலகையை விடும்போது விநாடிக்கு முன்னோக்கி 6.4 மீட்டர், மேல்நோக்கி 2.4 மீட்டர், எடை மையம் இறங்கும்போது 45 சென்டிமீட்டர் தாழ்கிறது என்று வையுங்கள். பறக்கும் நேரம் 0.63 விநாடி, பறக்கும் தூரம் சுமார் 4.06 மீட்டர். மேல்நோக்கிய வேகத்தை மட்டும் 2.6 ஆக்கினால் 4.27, இருபது சென்டிமீட்டருக்கு மேல் லாபம். ஆனால் அந்த உயரத்துக்காக முன்னோக்கிய வேகம் 6.0 ஆகக் குறைந்தால் 4.00 மீட்டர்தான், நட்டம். நான் வருடக்கணக்காகக் கத்திய "உயரமாத் தாண்டு" எத்தனை பிள்ளைகளைப் பலகையில் பிரேக் போட வைத்திருக்கும் என்று இந்தக் கணக்கைப் போட்ட இரவு யோசித்தேன். தூக்கம் வரவில்லை.

எல்லா உடலுக்கும் ஒரே அளவு என்றும் நினைக்க வேண்டாம். 1991-இல் தோக்கியோவில் மைக் பவல் 8.95 மீட்டர் தாண்டி, 1968-இல் மெக்சிகோவில் பாப் பீமன் வைத்த 8.90 சாதனையை உடைத்தார். அதே போட்டியில் கார்ல் லூயிஸ் காற்றின் துணையோடு 8.91 தாண்டினார். பவல் ஏறத்தாழ 23 பாகையில் எழுந்தார், லூயிஸ் 18 பாகையை ஒட்டித் தட்டையாகப் பாய்ந்தார். இரண்டும் சரியே. மெக்சிகோ என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இன்னொரு செய்தி: பீமன் தாண்டிய அதே ஒலிம்பிக்கில்தான் நம் மலேசிய ஓட்டக்காரர் மணி ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது.

படி 7: பறப்பும் இறக்கமும்

பாதம் பலகையை விட்ட பிறகு எடை மையத்தின் பாதை முடிவாகிவிட்டது. காற்றில் கை கால் எவ்வளவு வீசினாலும் அது மாறாது. அப்படியானால் காற்றில் ஏன் நடக்கிறார்கள், ஏன் உடலை வில்லாக வளைக்கிறார்கள்? பலகை பாதத்தைப் பிடித்து நிறுத்தும்போது மேலுடம்பு முன்னால் சுழல்கிறது, கீழே கிடக்கும் செம்பனை மட்டை தடுக்கியவர் கவிழ்வதைப் போல. அந்தச் சுழலைத் தாமதப்படுத்தத்தான் இதெல்லாம். உடலை நீட்டி வைத்தால் சுழல் மெதுவாகும், சுருட்டினால் வேகமாகும். நம் மாணவி எழுந்ததுமே முழங்காலைச் சுருட்டிக்கொள்வாள், அதனால் சீக்கிரம் கவிழ்ந்தாள். ஆனால் அந்தச் சுழலை அவ்வளவு பெரிதாக்கியது நீட்டி மிதித்த கடைசிக் காலடி. நாங்கள் பறப்பைத் தொடவே இல்லை.

இறக்கத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே. குதிகால் பட்ட இடத்துக்குப் பின்னால் கையோ பிட்டமோ படுகிறதா? பலகைக்கு மிக அருகில் உள்ள தடத்திலிருந்துதான் அளப்பார்கள். குதிகால் பட்டதும் முழங்கால் மடங்கி, இடுப்பு முன்னால் வழுக்கிப் போக வேண்டும்.

படி 8: ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மறுபடி அளந்து பாருங்கள்

கண்டுபிடித்த எல்லாவற்றையும் ஒரே நாளில் பிள்ளையிடம் கொட்டாதீர்கள். மாணவி கேட்டாள், "சார், நான் இன்னும் உயரமாத் தாண்டணுமா?" நான் சொன்னது, "வேண்டாம்மா. பலகைய மறந்திடு. கடைசிக் கால டப்புனு சீக்கிரம் வை." கோணமும் பாகையும் நமக்கு. பிள்ளைக்கு ஒரு சொல் போதும்.

அவளுடைய பாட்டி ஒரு நாள் திடலுக்கு வந்திருந்தார். முப்பது வருடம் பால்மரம் சீவியவர். வீடியோவைப் பார்த்துவிட்டு, "கத்தி ஒரு நூல் சாஞ்சாலும் பட்டையோட மரமும் வெட்டுப்படும் தம்பி, அப்புறம் அந்த மரம் ஆறாது. இதுவும் அப்படித்தான் போல" என்றார். அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் கோணம் அளக்கும்போது முகம் சுளிப்பதில்லை.

மாற்றத்துக்கு மூன்று வாரமாவது கொடுங்கள். ஒரு நாளின் சிறந்த தாண்டலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஆறு தாண்டலின் சராசரியைப் பாருங்கள். ஈரப் புல், வேறு சப்பாத்து, முதல் நாள் தூங்காமை, எல்லாமே சில சென்டிமீட்டரை அசைக்கும். மிதிப்பில் காலின் மீது உடல் எடையின் பல மடங்கு விசை விழுகிறது. வளரும் பிள்ளைகளுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டிலோ குதிகாலிலோ வலி என்றால் உடனே தாண்டலை நிறுத்திவிடுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். முழு ஓட்டத் தாண்டலை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நாங்கள் வைப்பதில்லை.

ஐந்தாவது வாரம் மறுபடி அளந்தோம். கடைசியிலிருந்து நான்காவது காலடியின் சிதறல் 48-இலிருந்து 20 சென்டிமீட்டராகக் குறைந்திருந்தது. முதல் ஐந்து மீட்டர் 169 ஃபிரேம், அடுத்த ஐந்து மீட்டர் 167. இப்போது பலகையை நோக்கி வேகம் கூடுகிறது. ஆறு தாண்டலின் சராசரி 4.41. இறங்கும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே கவிழ்வது பாதியாகக் குறைந்துவிட்டது. மிச்சப் பாதிக்காக இந்த மாதம் அவளுடைய இடுப்பு டேப்பைப் பின்தொடர்கிறோம். அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாகத்தான் இருக்கிறது.